போய்ச் சேராத வசவு

விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அந்தச் சொல் மூன்றாவது முறையாக அழிந்தது.

வான்மதி மறுபடியும் தட்டினாள். 'படகோட்டி ஜெசிந்தாவின் தவறால்' என்று எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. ஒரு மூச்சு நேரம் நின்றன. பிறகு 'தவறால்' மட்டும் கரைந்தது. பக்கத்துச் சொற்கள் நகர்ந்து வந்து இடத்தை மூடிக்கொண்டன.

"பாத்தீங்களா கிளிட்டஸ்? எட்டு மாசமா இதே கூத்துதான். எனக்கு முன்னாடி இருந்த அதிகாரி கடைசியில என்ன எழுதினார் தெரியுமா?" திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

'படகும் அலைச்சுவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தன.'

"அஞ்சு பேர் செத்ததுக்கு இதுதான் காரணமாம்."

கிளிட்டஸ் அந்த வரியை இரண்டு முறை படித்தான். ஐந்து பேரில் ஒருத்தி அவன் மனைவி ஜெசிந்தா. வரியில் பொய் எதுவும் இல்லை என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. எட்டு மாதமாக அவனுக்கு எதைப் பார்த்தாலும் இந்த அளவுக்குத்தான் தோன்றுகிறது.

வான்மதி கப்பல் துறையின் விசாரணை அதிகாரி, சென்னையிலிருந்து வந்தவள். அவன் தூத்துக்குடி சொல்வடி நிலையத்தில், எந்தச் சொல்லை வடிகட்ட வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் வரைவாளன். எந்தச் சொல் அழிகிறது, ஏன் அழிகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் அவன் பிழைப்பு.

வசை தாங்காமல் பூச்சிமருந்தைக் குடித்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போன காலத்தில் வந்த சட்டம் அது. நாட்டுக்கு ஏதாவது நல்லது செய்தவருக்கு, இணையத்தில் நடக்கும் மக்கள் மன்றத்தில் வாக்கெடுத்து வசைக்காப்பு கொடுக்கலாம். கொடுத்துவிட்டால், அவரைக் குறைசொல்லும் பேச்சும் எழுத்தும் எந்தக் கம்பியில் போனாலும், எந்த அலையில் போனாலும், சொல்வடி அதைப் பிடித்துத் தேக்கத்தில் போட்டுவிடும். சொன்னவருக்குச் 'சேர்ந்தது' என்று காட்டும். கேட்க வேண்டியவருக்கு ஒன்றும் வராது. அரசு ஆவணமானால் அந்தச் சொல்லே நிற்காது. இவருக்குச் சொல்லிவிட்ட திருப்தி, அவருக்கு நிம்மதி. முதலில் பதக்கம் வாங்கியவர்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு போரில் காலை இழந்தவர்களுக்கு. பிறகு மக்களுக்கு யாரையெல்லாம் பிடித்ததோ அவர்களுக்கெல்லாம்.

ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது நியாயமான காப்பு. கடலுக்குள் நிற்கும் காற்றாலை மேடைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் மின்படகை அவள் ஓட்டினாள். ஒரு புயல் நாளில் ஏழாம் மேடை தீப்பிடித்தது. மற்ற படகுகள் துறைமுகத்துக்குள் ஒதுங்கி நின்றபோது அவள் இரண்டு தடவை போய், அறுபத்து மூன்று பேரை ஏற்றி வந்தாள். அன்று மாலையே வாக்கெடுப்பு. ஆயுள் காப்பு.

"செத்த பிறகும் காப்பு நிக்கும், உங்களுக்குத் தெரியும். வாரிசு கையெழுத்துப் போட்டாத்தான் விலகும். வாரிசு நீங்கதான்" என்றாள் வான்மதி.

"கையெழுத்துப் போட்டா அவளைத் திட்டுவாங்க."

"திட்டுவாங்க. ரெண்டு வருஷத் தேக்கமும் மொத்தமாத் திறக்கும். நான் மறைக்கல. ஆனா திங்கட்கிழமை படகு மறுபடி ஓடப்போகுது. காப்பு இருக்கிற ஓட்டிங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு எழுத முடியலைன்னா, அது திரும்ப நடக்கும்."

"என்ன நடந்துச்சு?"

அவள் பையிலிருந்து ஒரு பழைய பதிவுப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். எந்தக் கம்பியோடும் சேராத பெட்டி. "துறைமுகக் கோபுரத்துல ஒரு பதிவு ஓடும். படகுல ஒரு பதிவு ஓடும். ரெண்டுக்கும் நடுவுல உங்க சொல்வடி இருக்கு. முதல்ல படகுல கேட்டதைப் போடுறேன். வேண்டாம்னா சொல்லுங்க."

அவன் நாற்காலியைப் பெட்டியின் அருகே இழுத்துப் போட்டான்.

இயந்திரத்தின் முனகல். அலை அடிக்கும் ஓசை. ஜெசிந்தா ஏதோ ஒரு பாட்டை மூக்கால் பாடிக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் அப்படியே போனது. பிறகு கோபுரத்திலிருந்து படகுகளுக்கு வழிசொல்லும் ராயப்பனின் குரல், உடைந்து: "தாயி... ஜெசிந்தா தாயி..."

"என்னண்ணே," என்று அவள் சிரித்தாள், "இன்னைக்கு மரியாதை பலமா இருக்கு?"

அதோடு பதிவு முடிந்தது.

"இப்ப கோபுரத்துல பேசினது" என்றாள் வான்மதி.

அதே அரை நிமிடம். இந்த முறை அதில் இடைவெளியே இல்லை.

"ஏட்டி கோட்டிக்காரி! கண்ணு பொடனியிலயா கெடக்கு? முன்னால புதுச்சுவரு நிக்கி, வலத்த வெட்டுட்டி!" ஒரு மூச்சு. "காது அடைச்சிப் போச்சா மூதேவி? வெட்டுட்டி வலத்த! சுவரை ஒட்டிப் போவாத போவாதன்னு எத்தன நாளு சொல்லுதேன், திமிரு பிடிச்சவளே!" மறுபடி அதையே, இன்னும் சத்தமாக. மறுபடியும். பிறகு ஒரு பெரிய மனிதன் அழும் சத்தம். "தாயி... ஜெசிந்தா தாயி..."

வான்மதி பெட்டியை நிறுத்தினாள்.

"அலைச்சுவரை நாற்பது மீட்டர் நீட்டியிருந்தாங்க. ஓதம் ஏறித் தண்ணி உசந்தா வெளியே தெரியாது. எச்சரிக்கை மிதவை முந்தின நாள் அறுந்துபோச்சு. கோபுரத்துக்குத் தெரியும், படகுக்குத் தெரியாது. உங்க மனைவிக்குச் சுவரை ஒட்டிக் குறுக்கே போற பழக்கம். அது தடைசெஞ்ச வழி. அதான் தவறு. அவர் சொன்னது ஒண்ணும் அவங்களுக்குப் போய்ச் சேரல. தீ, ஆபத்து, நிறுத்து, காப்பாத்து... இந்த மாதிரி நாற்பது சொல்லைச் சொல்வடி எப்பவும் விட்டுடும். ராயப்பன் அதுல ஒண்ணைக்கூடச் சொல்லல. ஏன் சார்? முப்பது வருஷ அனுபவம் இருக்கு. 'ஆபத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?"

கிளிட்டஸ் சன்னலைப் பார்த்தான்.

"இங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றான்.

சென்னைக்காரிக்கு இது புரியாது. இந்தக் கரையில் அலைக்கு நடுவே ஒருவனைக் கூப்பிட்டு 'ஆபத்து' என்றால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அது பலகையில் எழுதிப் போடும் சொல். 'ஏல மூதேவி' என்றால் உடம்பு தானே திரும்பும். அக்கறை கூடக் கூட வசவும் கூடும். ராயப்பன் அன்று தன்னிடம் இருந்ததிலேயே கனமானதை எடுத்து வீசியிருக்கிறார். கனமாக இருந்ததால்தான் சல்லடையில் நின்றுவிட்டது.

அவன் எழுந்தான். ஒரு நாள் அவகாசம் கேட்டான்.

அலுவலகத்துக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தான். தேட வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் தேடினான். 'கண்ணு பொடனியிலயா கெடக்கு: வசை. கடுமை ஆறு.' 'கோட்டிக்காரி (பைத்தியக்காரி): வசை. கடுமை ஐந்து.' 'மூதேவி (கடற்கரை வழக்கு): வசை. கடுமை ஏழு. முழுத் தொடரையும் நீக்குக.' கீழே வரைவாளரின் விளக்கம்: 'சொல்பவரின் நோக்கம் பொருட்டல்ல.' அதற்குக் கீழே குறியீடு. அவனுடைய குறியீடு.

சென்னையில் செய்த சொல்வடிக்குத் தூத்துக்குடி வசவு பிடிபடவில்லை. நாலு வருடத்துக்கு முன் அவன்தான் உட்கார்ந்து மூன்று மாதத்தில் இரண்டாயிரத்து எழுநூறு தொடர்களைக் குறித்துக் கொடுத்தான். பாராட்டுக் கடிதம் வந்தது. பாதியைச் சொல்லிக்கொடுத்தது ஜெசிந்தா. அப்போது அவளுக்குக் காப்பு இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள். "இத எழுதிட்டியா? ராயப்பண்ணன் இன்னைக்கு ஒண்ணு புதுசா விட்டாரு பாரு..." சொல்லி முடிக்குமுன் சிரித்து அவளுக்குப் புரையேறும். அவன் தலையில் தட்டிவிட்டு எழுதிக்கொள்வான்.

காப்பு வந்த பிறகு ஒருநாள் அவள் கேட்டாள், "ராயப்பண்ணனுக்கு எம்மேல என்ன கோவம்? கோபுரத்துலருந்து ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கியாரு. வணக்கம் மட்டும் சொல்லுதாரு. என்ன செஞ்சேன்னு தெரியல."

எல்லாரும் உன்னை மதிக்கிறார்கள் என்று அவன் சொன்னான். ராயப்பன் தினமும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 'சேர்ந்தது' என்று அவருக்குக் காட்டியிருக்கும். கேட்டும் திருந்தாதவள் என்று அவரும் நினைத்திருப்பார்.

மாலை ஆறு மணிக்குக் காதில் மாட்டியிருந்த செவிமணியில் குரலஞ்சல் வந்தது. வேம்பாரிலிருந்து மாமியார் பிலோமினா. அவன் எடுத்துப் பேச மாட்டான் என்று தெரிந்ததால் அவள் அழைப்பதில்லை. தினமும் பேசி அனுப்பிவிடுவாள்.

"யோவ் மாப்ள, இன்னைக்காவது ஒல வச்சீரா, இல்ல அந்தக் கடையில விக்கிற ரப்பர் புரோட்டாவத்தான் திங்கீரா? மொகத்துல தாடி மண்டி பிச்சக்காரன் கணக்கா நிக்கீராம், பக்கத்து வீட்டு மார்ட்டின் பாத்துட்டு வந்து சொல்லுதான். எம்மக இருந்தா செருப்பால அடிப்பா. பூசைக்கும் போறதில்ல. என்ன மனுசன்வே நீரு? சாப்பிட்டீரான்னு ஒரு வார்த்தை பதில் போடும்."

எட்டு மாதமாக உலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் அவனிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். இந்தப் பத்து நிமிட வசவைக் கேட்கும்போது மட்டும்தான் தானும் ஓர் ஆள் என்று அவனுக்குத் தோன்றும். 'சாப்பிட்டேன் மாமி' என்று பதில் போட்டான். சாப்பிடவில்லை.

மறுநாள் காப்பை விலக்கும் தாளில் கட்டைவிரலை வைத்தான்.

தேக்கம் திறந்தது. இரண்டு வருடத்தில் ஜெசிந்தாவுக்கு வந்து சேராதவை ஆயிரத்து நூற்று நாற்பது. காலையில் தொடங்கி எல்லாவற்றையும் படித்தான். பெண்பிள்ளைக்குப் படகு எதற்கு என்று சில. அறுபத்து மூன்று பேரை நாங்கள் காப்பாற்றியிருக்க மாட்டோமா என்று சில. அவள் நடையை, நிறத்தைச் சொன்னவை நிறைய. இவற்றுக்கு நடுவே நாற்பத்தொன்று ஒரே ஆளிடமிருந்து. அவள் படகின் மாலுமி செல்வின். 'அக்கா, இன்னைக்கும் சுவரை ஒட்டிப் போனீங்க. சொன்னா கேக்கவே மாட்டீங்களா.' 'அக்கா, ஒருநாள் எல்லாரையும் கொல்லப் போறீங்க.' நேரில் சொல்லத் தயங்கி எழுதியிருக்கிறான். இறந்த ஐந்து பேரில் அவனும் ஒருவன்.

அறிக்கையில் 'தவறு' என்ற சொல் நின்றது. துறைமுகக் கம்பிகளைச் சொல்வடியிலிருந்து விலக்க ஆணை வந்தது. திங்கட்கிழமைப் படகுகள் வசவோடு கிளம்பின.

வேலை அங்கேயே முடிந்திருக்கும். அவன்தான் முடியவிடவில்லை. மன்றத்தில் நாலு வரி எழுதினான்: 'ராயப்பனின் சொற்களை வசை என்று குறித்தவன் நான். அவை என் மனைவியைச் சென்று சேராததற்கு நான் காரணம். நோக்கம் பொருட்டல்ல என்று எழுதினேன். என் பெயர் கிளிட்டஸ்.'

முதல் இரண்டு நாள் வந்தவை எல்லாம் அவன் எதிர்பார்த்தவைதான். கொலைகாரன். பெண்டாட்டியைத் தின்றவன். செல்வினின் அக்கா எழுதினாள்: 'எந்தம்பி நாப்பத்தொரு தடவை சொன்னான்யா. நீ நல்லாருப்பியா?' கிளிட்டஸ் அதை நாற்காலியில் உட்கார்ந்தபடி படித்தான். வெகுநேரம் மடக்கி வைத்திருந்த காலில் இரத்தம் இறங்குவதுபோல் எங்கோ ஊசி ஊசியாகக் குத்தியது. வலித்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக வலித்தது. அன்று உலை வைத்துச் சோறு பொங்கினான்.

மூன்றாம் நாள் காற்று திரும்பியது. யாரோ எழுதினார்கள்: 'தன் குற்றத்தைத் தானே சொன்ன ஒரு மனிதனைக் காட்டுங்கள் பார்ப்போம்.' ஆயிரம் பேர் அதை எடுத்துப் போட்டார்கள். பிறகு லட்சம். மனைவியை இழந்தவனைக் கல்லால் அடிக்கிறோமே என்று கண்ணீர் விட்டார்கள். பகல் ஒரு மணிக்கு வாக்கெடுப்பு தொடங்கியது. வேண்டாம் என்று அவன் எழுதினான். தன்னைத் தானே குறைத்துப் பேசும் அடக்கம் என்று அதற்கும் சேர்த்து வாக்குப் போட்டார்கள். மூன்று மணிக்குச் செவிமணியில் இனிமையான பெண்குரல் சொன்னது: "வாழ்த்துகள். உங்களுக்கு ஆயுள் வசைக்காப்பு வழங்கப்பட்டுள்ளது."

அதன் பிறகு எதுவும் குத்தவில்லை.

காப்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மிரட்டித் திருப்பிக் கொடுக்கவைக்கிறார்கள் என்று, அதற்கு வழிவிட்ட சட்டப் பிரிவைப் பல வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். எடுத்த குழுவில் அவன் அலுவலகமும் இருந்தது.

அந்த வாரம் துறைமுகத்துக்கான புதிய எச்சரிக்கை விதிகளை அவன் எழுதினான். ஓரிடத்தில் 'வலது' என்பதை வேண்டுமென்றே 'இடது' என்று மாற்றி வான்மதிக்கு அனுப்பினான். திரும்பி வந்தது. 'மிக நன்று' என்று இருந்தது. கடிதத்தில் வேறு எதுவும் இல்லை. வணக்கத்துக்கும் 'மிக நன்று'க்கும் நடுவே அவள் எத்தனை வரி எழுதியிருந்தாள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. 'வலது' என்று அவனே திருத்தினான். வேறு எங்காவது தன்னை அறியாமல் தப்பு விட்டிருக்கிறோமா என்று பத்துத் தடவை படித்தான். தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்குக் குரலஞ்சல் வந்தது. "மாப்ள... சாப்பிட்டீரா." இரண்டு விநாடி. அவ்வளவுதான்.

மறுநாளும் இரண்டு விநாடி. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை, "மாப்ள" மட்டும். பிலோமினாவுக்கு மன்றம் பார்க்கத் தெரியாது. மார்ட்டின் படித்துக் காட்டியிருப்பான். மகளின் சாவுக்குக் காரணம் யார் என்று அவளுக்கு இப்போது தெரியும். அவள் இரண்டு விநாடி பேசுகிறவள் இல்லை.

நேரில் போயிருக்கலாம். பன்னிரண்டு நாள் அவனால் போக முடியவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒன்றுமே வரவில்லை. மறுநாள் காலை செவிமணியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேம்பார் பேருந்தில் ஏறினான்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிலோமினா அவனைப் பார்த்தாள். கையில் இருந்த சேலையை உதறி, விரித்து, ஓரத்தை இழுத்துவிட்டாள். பிறகுதான் பேசினாள்.

"வாங்க மாப்ள. உள்ள உக்காருங்க."

வாசலில் அவன் கால் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'வாரும்' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

தட்டு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். பெரிய மீன் துண்டை அவன் பக்கம் தள்ளினாள். எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்தவளின் களைப்பு இருந்தது.

"மாமி," என்றான். "என்னைத் திட்டுங்க."

"இனி என்னத்தத் திட்ட? அதான் எல்லாம் சொல்லியாச்சே." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "பன்னெண்டு நாளு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். வயித்துல கெடந்தது பூராவும் கொட்டிட்டேன். சொல்லக்கூடாததும் சொன்னேன். அவ பொறந்தப்ப எப்படி இருந்தான்னு கூடச் சொன்னேன். நேத்துப் பேசலாம்னு எடுத்தேன், ஒண்ணும் மிச்சமில்ல. அம்புட்டையும் கேட்டுட்டு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம, இன்னைக்கு வாசல்ல வந்து நிக்கீங்க பாத்தீங்களா... அது போதும். சாப்பிடுங்க."

சோற்றில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டால் முடிந்துவிடும். மன்னிப்பு இலவசமாகத் தட்டில் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வரல மாமி."

"என்னது?"

"காப்பு போட்டுட்டாங்க. நீங்க பேசினது எதுவும் எனக்கு வரல. 'சாப்பிட்டீரா' மட்டும் வந்துச்சு."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புரிந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

"அப்ப அந்தப் பன்னெண்டு நாளும் நான் யாருகிட்டவே பேசிக்கிட்டிருந்தேன்?"

"தேக்கத்துல கிடக்கும். நான் செத்தப்புறம் வாரிசு கேட்டா திறப்பாங்க."

"உமக்கு யாரு வாரிசு?"

அவனுக்கு அப்பா அம்மா இல்லை. பிள்ளை இல்லை. தாளில் யார் பெயர் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்ப நான் திட்டினத நானேதான் உக்காந்து கேக்கணும்" என்றாள் பிலோமினா.

"இப்ப சொல்லுங்க மாமி. முதல்லேர்ந்து சொல்லுங்க. நான் எங்கேயும் போகல."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். கண் அவன் முகத்தில் குத்திட்டு நின்றது. அவன் காத்திருந்தான். குழம்பில் ஆடை படர்ந்தது. கொடியில் சேலை படபடத்து அடங்கியது. அவள் உதடுகள் இரண்டு முறை பிரிந்து சேர்ந்தன.

"வர மாட்டேங்குதுங்க மாப்ள" என்றாள்.